இடைப்பட்டவை

மொபேனி ஆலையில் எங்கள் ஆய்வகத்தில்
புகைப்பது ஓர் இயந்திரம்.
இருபது வாய். உதடு கிடையாது.
நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நொடி,
முப்பத்தைந்து மில்லி.
அதற்குமேல் ஆசைப்படாது.
வீட்டில் சண்டை என்று இன்னொன்று பற்றவைக்காது.
டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம்
கண்ணாடிக்கு வெளியே நிற்கும்.

நான் துகள் எண்ணுகிறவள்.

ஃபில்டரைப் பஞ்சு என்பார்கள். பஞ்சில்லை.
மரக்கூழில் இழுத்த ஆயிரமாயிரம் இழை,
சீவி முடிந்த கொண்டை மாதிரி.
அதற்குள் நடப்பதை
புதிதாகச் சேர்ந்த ஸோட்வா கேட்டாள்.
சொன்னேன்:

பெருந்துகளுக்கு வளைவில் திரும்பத் தெரியாது,
நேரே போய் இழையில் மோதி நின்றுவிடும்.
மிகச் சிறியதற்கு இருப்புக்கொள்ளாது,
அங்குமிங்கும் அலைந்து எதிலாவது ஒட்டிக்கொள்ளும்.
நடுவில் ஒரு ரகம் இருக்கிறது.
மோதக் கனம் போதாது,
அலைய லேசும் போதாது.
காற்று வளைந்தால் வளைந்து, நிமிர்ந்தால் நிமிர்ந்து
ஓர் இழையிலும் படாமல்
மறுபக்கம் வந்துவிடும்.

"நம் மேலாளர் போல" என்றாள்.
சிரித்ததில் ஒரு சோதனை கெட்டது.
மறுபடி பற்றவைத்தோம்.

ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி
லேசரால் குத்திய துளைகள், இரண்டு வரிசை.
விரல் மூடும் துளை என்றதும்
குழல் என்று ஆரம்பிப்பீர்கள். வேண்டாம்.
இது மூடாதவரைதான் நன்றாகப் பொய் சொல்லும்.
வெளிக்காற்று புகுந்து புகை நீர்க்கும்,
உள்ளே ஓட்டம் தளரும்,
தளர்ந்தால் துகளும் துகளும் முட்டி
ஒன்றாகிப் பருக்க நேரம் கிடைக்கும்.
மானியில் எண் இறங்கும்.
பெட்டிக்கு வெளிர்நீலம் பூசலாம்.

ஒரு சனிக்கிழமை மெரிபேங்கில்,
பின்வாசல் படியில் பூபாலன் புகைப்பதைப் பார்த்தேன்.
பதினாறு வருடமாகப் பார்ப்பதுதான்.
அன்றைக்குத்தான் விரலைப் பார்த்தேன்.
நான் தினமும் உருப்பெருக்கியில் எண்ணும் துளைகள்மேல்
ஆட்காட்டி விரலும் நடுவிரலும்
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தன.
மிச்சத்தை உதடு பார்த்துக்கொண்டது.

கைப்பேசியைப் பார்க்கிற சாக்கில் நேரம் குறித்தேன்.
இருபத்திரண்டு நொடிக்கு ஓர் இழுப்பு.
ஆழமான இழுப்பு.

திங்கள் மாலை எல்லோரும் போனபின்
இயந்திரத்துக்கு என் கணவனின் வாயைக் கற்றுக்கொடுத்தேன்.
துளைகளை அவன் விரலகலத்துக்கு
டேப்பால் ஒட்டினேன்.
அது அவனைப்போலவே இழுத்தது.
இருமல் மட்டும் வரவில்லை.
எண் ஏறியது,
ஏறியது,
நான் நிறுத்தும்வரை.

மேலாளர் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"முறையில் இல்லாதது முடிவிலும் இராது."
குரலில் கடுமை இல்லை.
நானும் காற்றோடு வளைந்து
என் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.
கார் கடன் இன்னும் பதினான்கு மாதம்.

வீட்டில் சொன்னேன்.
பூபாலன் ஃபில்டரின் வால்நுனியைப் பிடித்து,
சூடான தட்டைத் தூக்குகிறவன்போல் புகைத்துக் காட்டினான்.
"இப்போ சரியா, டாக்டரம்மா?"
அந்தப் பக்கம் எண்ணெய் ஆலையின் தீநாக்கு
வழக்கம்போல் வானத்தைத் தடவிக்கொண்டிருந்தது.
ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் என்ன.

விடிந்ததும் பில்சர்ட் டப்பாவைக் கவிழ்த்தேன்.
துண்டின் முகத்தில் எழுதியிருக்கும்:
துளை திறந்திருந்தால் நடுவில் மட்டும் கறை,
சுற்றிலும் வெள்ளை வளையம்.
மூடியிருந்தால்
விளிம்புவரை பழுப்பு.

பதினொன்று கிடந்தன.
வளையம் உள்ளவை இரண்டு.
அவை முதல் இரண்டாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டையும் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.
ஸோட்வா மோப்பம் பிடித்துக் கேட்டாள்,
நீயும் ஆரம்பித்துவிட்டாயா என்று.